ரோனா டீஸ்டேலோடு எட்டு மணி நேரம்

காலை ஆறே முக்காலுக்கு, மலையோட்டத்தில் என் ஜோடியான கேரிஸிடமிருந்து போன் வந்ததுமே காரியம் கெட்டது என்று தெரிந்துவிட்டது. பந்தயத்தன்று அந்த நேரத்தில் நல்ல செய்தி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை.

"ஹேசல், ராத்திரி பூரா வாந்தி. இப்பவும் குளியலறைத் தரையில உக்காந்துதான் பேசுறேன். என்னால முடியாதுடி."

"சரி, நீ படு" என்றேன். வேறென்ன சொல்ல?

ஸ்கெல்பெக் ஊர் மண்டபத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கார்களின் மேல் ஒரு சாண் பனி. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். செப்டம்பரிலிருந்து தினமும் நாலு மணிக்கு எழுந்து, தபால் வண்டியை எடுப்பதற்கு முன் ஒன்றரை மணி நேரம் மேடேறி ஓடியிருந்தேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. போன வருடம் மூன்றாவது செக்பாயின்ட்டில் கேரிஸின் கணுக்கால் பிசகித் திரும்பி வந்தோம். அதற்கு முந்தைய வருடம் அதே இடத்தில் நேரம் கடந்துவிட்டது என்று இறக்கிவிட்டார்கள். இந்த வருடம் யார் என்ன சொன்னாலும் முடிப்பதென்று இருந்தேன்.

பந்தயத்தை நடத்தும் டெஸ்மண்ட் ஃபியரன் உள்ளே மேசை போட்டு ஒவ்வொருவர் பையையும் கொட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். கற்சுரங்கத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். காது கொஞ்சம் மந்தம், விதிகளில் கறார்.

"ஜோடி இல்லாம மலைக்கு விடமாட்டேன், ஹேசல். இந்தக் காத்துல ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் விசில் ஊதணும்ல?"

"ஆறு மாசம் ஓடியிருக்கேன் டெஸ்மண்ட்."

"அது எனக்கும் தெரியும். எங்க வீட்டு நாய் தினமும் உன்னைப் பாத்துக் குரைச்சே என்னை எழுப்பிவிடுது." அவர் குரலைத் தாழ்த்தினார். அதாவது, மண்டபத்தில் பாதிப் பேருக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். "இன்னொரு ஆளும் ஜோடி இல்லாம நிக்குது. மேல கணவாய்க் கார் ரோட்ட மூடிட்டாங்களாம், அவ சித்தி பொண்ணு வர முடியல. நான் சொன்னா கோவப்படக் கூடாது."

அவர் கண் போன திசையில் பார்த்தேன். ஹீட்டர் பக்கத்தில், தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பியுடன், ரோனா டீஸ்டேல்.

"வேற யாரும் இல்லையா?"

"இருக்காங்களே, எழுபத்தாறு பேரு. அவங்களுக்கெல்லாம் ஜோடி இருக்கு."

ரோனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரின் ஒரே கசாப்புக் கடை அவளுடையது. எங்கள் ஓட்டக் குழுவில் அவளைப் போல மூடுபனியில் வழி கண்டுபிடிப்பவர் இல்லை என்று பெயர். பதினொரு வருடங்களுக்கு முன் ஓர் இலையுதிர்காலப் பந்தயத்தில், மூடுபனியில் எனக்குத் திசை தெரியாமல் அவள் பின்னாலேயே ஓடினேன். எல்லோரும் செய்வதுதான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பெரிய பாறையைத் தாண்டியதும் ஆள் மறைந்துவிட்டாள். ஒளிந்துகொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் நேராக ஓடி, தவறான பள்ளத்தாக்கில் இறங்கி, ஊரிலிருந்து பதினெட்டு மைல் தள்ளி ஒரு மதுக்கடை வாசலில் போய் நின்றேன். யாரோ ஒரு புண்ணியவான் தன் காரின் இருக்கையில் செய்தித்தாள் விரித்து, சேறும் நானுமாக ஏற்றி வந்தார். அடுத்த வாரம் குழுவின் அறிவிப்புப் பலகையில் யாரோ ஒரு பேருந்து அட்டவணையைக் குத்தி, மேலே என் பெயரை எழுதி வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. நான் ஊர்த் தபால்காரி. அவள் கடைக் கதவின் துளையில் தினமும் கடிதம் போடுகிறேன். பதினொரு வருடமாகத் தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியே பார்த்ததில்லை. இறைச்சி வாங்க நான் பன்னிரண்டு மைல் வண்டி ஓட்டிப் போவேன். என் கணவர் நீல் மட்டும் அவ்வப்போது அவள் கடை சாசேஜைத் திருட்டுத்தனமாக வாங்கித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

இன்னொன்றும் செய்தேன். ஒரு நல்ல திசைகாட்டி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும், மழையோ மூட்டமோ, தனியாக மலையேறி வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கப் பழகினேன். அதற்குப் பிறகு ஒருவர் கால்தடத்தின் பின்னாலும் நான் போனதில்லை.

டெஸ்மண்ட் கையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னை ஹீட்டரிடம் கொண்டுபோனார்.

"மிஸஸ் மௌன்சி" என்றாள் ரோனா.

"மிஸஸ் டீஸ்டேல்."

"நீங்க ஏத்தத்துல மெதுவாத்தான் போவீங்கன்னு கேள்வி."

"எறக்கத்துல நீங்க பயப்படுவீங்கன்னு எனக்கும் கேள்வி."

"அப்போ ரெண்டும் சேந்தா ஒரு முழு ஆளு" என்ற டெஸ்மண்ட், எங்கள் இருவரின் எண்களையும் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்தார். "மூணாவது செக்பாயின்ட்ட ரெண்டு மணிக்குள்ள தொடணும். நாலு மணிக்குள்ள இங்க வந்து சேரணும். ஜிபிஎஸ், போன் எல்லாம் மூடி முத்திரை போட்ட பையில. பிரிச்சா அவுட்டு."

எட்டு மணிக்கு முப்பத்தொன்பது ஜோடிகள் புறப்பட்டோம்.

முதல் ஒரு மணி நேரம் நாங்கள் பேசியது மூன்றே வார்த்தைகள். "வேலி," "வழுக்குது," "சரி." கிரிம்ஃபெல் ஏற்றத்தில் ரோனா ஆடு மாதிரி ஏறினாள். நான் மூச்சு வாங்க வாங்கப் பின்தொடர்ந்தேன். வரைபடம் அவள் கையில். யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. அவள்தான் ரோனா டீஸ்டேல் ஆயிற்றே.

கிரிம்ஃபெல்லின் மறுபுறம் ஓர் ஓடையைத் தாண்டும்போது அவள் கால் வழுக்கி, நெஞ்சு கல்லில் இடிக்க விழுந்தாள். தூக்கிவிட்டேன். சட்டென்று மேலங்கியின் நெஞ்சுப் பைக்குள் கைவிட்டு எதையோ தடவிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அடி பட்டுதா?"

"இல்ல. நடங்க."

அதன்பிறகு அவள் போக்கு விசித்திரமாக இருந்தது. முன்னே போன ஜோடிகளின் கால்தடங்களைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். யார் தடத்தையும் மதிக்காத ரோனா! வரைபடத்தைக் கையை முழுசாக நீட்டிப் பார்ப்பாள், மடித்துவிடுவாள். கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். பதினொரு வருட வீம்பு அவ்வளவு சுலபத்தில் வாயைத் திறக்கவிடுமா?

ஸ்வார்த் உச்சியின் இரண்டாவது செக்பாயின்ட்டைத் தொட்டபோது மணி பன்னிரண்டு. அங்கே காற்று மனிதரை நிற்கவிடவில்லை. பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் பறந்தது. கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டன. ஸ்வார்த் உச்சி ஒரு பெரிய தட்டையான மேடு. அங்கிருந்து தென்கிழக்காக ஒரு கிலோமீட்டருக்கு மேல் போனால் கணவாய், அங்கே பழைய ஆட்டுப் பட்டியின் சுவரோரம் மூன்றாவது செக்பாயின்ட். தென்மேற்கே போனால் இருநூறடிப் பாறைச் சரிவு. ஐம்பது அடி நடந்ததும் கால்தடங்கள் இல்லை. காற்று துடைத்துவிட்டிருந்தது.

ரோனா நின்றாள். திசைகாட்டியை வரைபடத்தின் மேல் வைத்தாள், திருப்பினாள், கையை நீட்டினாள். "இப்படி."

நடக்கத் தொடங்கினோம். பத்து அடிக்குள் எனக்கு ஏதோ உறுத்தியது. காற்று வடகிழக்கிலிருந்து. கணவாய்க்குப் போவதென்றால் அது என் இடது கன்னத்தில் அறைய வேண்டும். இப்போது முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க!" என்று கத்தினேன். "இது பாறைக்குப் போற பக்கம்!"

"இல்ல, சரிதான்."

"காத்து முதுகுல அடிக்குது! மறுபடியும் உங்க வேலையக் காட்டுறீங்களா? ஒரு தடவ தொலைச்சது போதாதா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இத்தனை வருடம் கடிதத் துளைக்கு வெளியே விழுங்கியதெல்லாம் அந்த உச்சியில் வெளியே வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் முழுக்கப் பனி, அதற்குள் இரண்டு சிவந்த கண்கள்.

"எனக்குத் தெரியலடி!" என்று கத்தினாள். "வரைபடத்துல ஒண்ணுமே தெரியல. கோடு, எழுத்து, எண்ணு, எல்லாம் ஒரே அழுக்கு மாதிரி இருக்கு. கிட்ட இருக்குறது தெரியாமப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அவசரத்துக்குன்னு கண்ணாடி ஒண்ணு பைல இருந்துச்சு. ஓடையில விழுந்தப்போ நொறுங்கிப் போச்சு."

"ரெண்டு வருஷமா? அப்போ இவ்வளவு நாள்?"

"என் சித்தி பொண்ணுதான் பாத்துச் சொல்லுவா. நான் முன்னால ஓடுவேன். ஊருக்கு என்ன தெரியும்?"

"காலையிலேயே சொல்ல வேண்டியதுதானே?"

"உன்கிட்டயா?"

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பாறையிலிருந்து விழுந்தாலும் விழுவேனே தவிர அவளிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

கையை நீட்டினேன். வரைபடத்தைக் கொடுத்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, அவளை எனக்கு மறைப்பாக நிற்கச் சொல்லி, திசையை அளந்தேன். விரல்கள் மரத்திருந்ததால் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒரே திசை.

"நான் சொல்றபடி செய்வியா?" என்றேன்.

"சொல்லு."

"நீ எனக்கு முன்னால போ. கண்ணுக்கு மறையிற எல்லை வரைக்கும். நான் திசைகாட்டிய வச்சு உன்னை நேராக்குவேன். ஒரு ஊது ஊதினா இடது, ரெண்டு ஊதினா வலது. நீளமா ஊதினா, என்ன ஏதுன்னு கேக்காம அப்படியே நில்லு. நான் வந்து சேந்ததும் மறுபடி."

அவள் அந்த வெள்ளையைப் பார்த்தாள். அதில் தன் கால் பதியும் இடம்கூடச் சரியாகத் தெரியாது. முன்னால் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. "சரி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பதினைந்து அடி போனால் சிவப்புத் தொப்பி மட்டும் தெரியும். இருபதில் அதுவும் மங்கும். ஊதுவேன். அவள் நகர்வாள். நான் அடிகளை எண்ணிக்கொண்டே போய்ச் சேர்வேன். மறுபடி அனுப்புவேன். காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளியதால் அவள் ஒவ்வொரு முறையும் வலதுபுறம் ஒதுங்கினாள். வலதுபுறம்தான் பாறை விளிம்பு. முந்நூறு அடிக்கு மேல் எண்ணியிருந்தேன். விளிம்பு நெருங்கும் இடம் அதுதான் என்று வரைபடம் சொன்னது. ஒரு ஊது ஊதினேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை போலும், இன்னும் வலப்பக்கமே போனாள். அவளுக்கு முன்னால் இருந்த வெள்ளையில் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனியின் ஓரம் போல மெல்லிய வளைகோடு ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. மூச்சு முழுவதையும் போட்டு நீளமாக ஊதினேன்.

தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள்.

வயிற்றால் ஊர்ந்து போய் அவள் மேலங்கியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். நாங்கள் விழுந்த வேகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு கதவளவு பனி சத்தமில்லாமல் உடைந்து கீழே போனது. கீழே போய் விழுந்த ஒலிகூட வரவில்லை.

இருவரும் அப்படியே படுத்திருந்தோம்.

"ஹேசல்" என்றாள். "அன்னிக்கு நான் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். நீ தாண்டி ஓடுறதப் பாத்துச் சிரிச்சேன்கூட. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நீ வரலன்னதும்தான் குலை நடுங்கிப் போச்சு. மறுநாள் மன்னிப்புக் கேக்கலாம்னு கடை வாசல்ல நின்னேன். நீ கடுதாசிய என் மூஞ்சியப் பாக்காம துளையில திணிச்சிட்டுப் போயிட்ட. அடுத்த நாளும் நின்னேன். அப்புறம் எனக்கும் ரோஷம் வந்துருச்சு."

"இதச் சொல்ல நல்ல இடம் பாத்தடி" என்றேன். "எந்திரி. குளுருது."

ஆட்டுப் பட்டியின் சுவர் என் முழங்காலில் இடித்தபோதுதான் வந்து சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்தது. மணி ஒன்று ஐம்பத்து மூன்று. சுவரோரம் சின்னக் கூடாரத்திலிருந்து ஓர் இளைஞன் தலையை நீட்டினான்.

"எங்க இருந்து வர்றீங்க? உச்சியில இனி யாரும் இல்லன்னு நெனச்சேன்! இருபத்திரண்டு ஜோடி விட்டுட்டாங்கக்கா. இந்தப் பாதையில அரை மணி நேரம் எறங்கினா லேண்ட் ரோவர் நிக்குது. டீயும் கொதிக்குது. லிஸ்ட்ல உங்க நம்பர அடிச்சிடவா?"

"பேனாவ உள்ள வை" என்றாள் ரோனா.

"வையி" என்றேன் நானும்.

அவள் கைகள் பொட்டலத்தைப் பிரிக்க முடியாத அளவு விறைத்துவிட்டன. ஓட்ஸ் கட்டியைப் பிய்த்து அவள் வாயில் திணித்தேன். என் உலர்ந்த கையுறைகளை அவளுக்கு மாட்டிவிட்டேன். மெல்லும்போதே, "இது யார் செஞ்சது? கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

"நான்தான்."

"அதான பாத்தேன்."

லாங்பைக் ஏற்றம் மட்டும் மிச்சம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நானூறு மீட்டர் செங்குத்து, முழுக்க இறுகிய பனி. காலணியில் இரும்பு முள்பட்டைகளை மாட்டிக்கொண்டு ஏறினோம். பாதியில் என் முள்பட்டை ஒன்று கழன்று, நான் இருபது மீட்டர் சறுக்கி ஒரு கல்லில் முழங்கால் மோதி நின்றேன். வலியில் கண்ணில் பூச்சி பறந்தது. அழுதேன் என்றே நினைக்கிறேன். கண்ணீர் உறைந்துவிட்டதால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ரோனா ஏறிய தூரத்தை எல்லாம் இறங்கி வந்தாள். முழங்காலை அமுக்கிப் பார்த்தாள். பன்றித் தொடையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"எலும்பு உடையல. நான் தினமும் எலும்பு பாக்குறவ. மடக்கு. ம், நீட்டு. உன் பைய இப்படிக் கொடு."

"உன்னால ரெண்டு பை தூக்க முடியுமா?"

"அரை மாட்டத் தோள்ல தூக்கி வச்சு வெட்டுறேன். உன் பை என்ன பெரிய பை? எந்திரி."

எழுந்தேன். அவள் ஓர் அடி குத்தி வைப்பாள், அந்தக் குழியில் நான் கால் வைப்பேன். நூறு அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு விடலாம் என்று நான் பேரம் பேசினேன். ஐம்பதுக்கு ஒரு முறை நின்றோம். பிறகு இருபதுக்கு. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு லாங்பைக்கின் கடைசி செக்பாயின்ட் தட்டுப்பட்டது. ஆளில்லை, வெறும் கம்பத்தில் தொங்கும் துளையிடும் கருவி. இருவரும் அட்டையில் துளையிட்டோம்.

இறக்கம் என்னுடையது. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. ரோனாவுக்கு இறக்கமென்றாலே பயம், வெளிச்சமும் மங்கத் தொடங்கியது. ஏற்றத்தில் ஆடு மாதிரிப் போனவள் இறக்கத்தில் கழுதை மாதிரி நின்றாள்.

"என் மேலங்கியோட பின்பக்கத்தப் பிடிச்சுக்கோ. நான் குதிச்சா குதி. உக்காந்தா உக்காரு."

"நீ விழுந்தா?"

"நீயும் விழு. சேந்தே விழுவோம்."

விழுந்தோம். எத்தனை முறை என்று எண்ணுவதை ஏழுக்குப் பிறகு விட்டுவிட்டேன். மடிப்பு மடிப்பாகப் பனி திரண்டிருந்த சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கினோம். ஒரு கட்டத்தில் அவள் என்னைத் தாண்டிச் சறுக்கிப் போய் ஒரு வேலியில் நின்றாள். "இது எங்க கடைக்குப் பன்னி வளக்குற ஜோசப்போட வயல் வேலிதானே? முகர்ந்து பாத்தாலே தெரியுது!" என்று கத்தினாள். வேலிக்கு அப்பால் ஊருக்குப் போகும் சாலை. மணி மூன்று நாற்பத்தாறு. மண்டபத்துக்கு இன்னும் ஒரு மைல்.

கண்ணாடி மாதிரி உறைந்த சாலை அது. அதில் நாங்கள் ஓடியதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டம் கோபித்துக்கொள்ளும். சாலையோரப் பனியில் கால் புதைய, ஒருவரையொருவர் தோளால் இடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு போனோம்.

"எத்தன மணி?" என்பாள்.

"கேக்காத. ஓடு."

"உனக்குத் தெரியுதுல்ல, சொல்லேன்."

"அம்பத்தொண்ணு. வாய மூடிட்டு ஓடுடி."

மண்டபத்தின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. வாசலில் டெஸ்மண்ட் ஒரு குடையைக் காற்றில் பிடித்து அதனோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றார். நாங்கள் கதவைத் தொட்டபோது அவர் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தெட்டு. முடித்தது பதினேழு ஜோடிகள். பதினேழாவது நாங்கள்.

உள்ளே நீராவியும் ஈரக் கம்பளி வாசனையும். லீக் வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். பாதியில் விட்டுத் திரும்பியவர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் குழுத் தலைவர் ரோனாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அந்த மூட்டத்துல பட்டியக் கண்டுபிடிக்க உன்னாலதான் முடியும் ரோனா! நாங்க ஆறு பேரு தேடிக் கிடைக்காம திரும்பிட்டோம். ஹேசல், நீ அதிர்ஷ்டக்காரி."

நான் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அது என் ரகசியம் இல்லை.

ரோனா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் கண்டுபிடிக்கல" என்றாள், கடையில் வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிடும் குரலில். "எனக்கு வரைபடம் தெரியல. ரெண்டு வருஷமாத் தெரியல, கண்ணு போச்சு. அந்த உச்சியில நான் போன வழியில போயிருந்தா ரெண்டு பேரையும் நாளைக்குக் கயிறு போட்டுத்தான் எடுத்திருப்பீங்க. வழி முழுக்க இவதான். விசில் ஊதி ஊதி நாய அனுப்புற மாதிரி என்னை அனுப்பினா. நானும் போனேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சூப் சூடு என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பிறகு நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றப் பார்த்தோம். கயிறுகள் பனிக்கட்டியாக உறைந்து, முடிச்சும் காலணியும் ஒன்றாகியிருந்தன. நான் பல்லால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. டெஸ்மண்ட் சமையலறையிலிருந்து பெரிய கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"யாருக்கு முதல்ல?"

"அவளுக்கு" என்றாள் ரோனா. "முழங்கால் வீங்கியிருக்கு. மெதுவா வெட்டுங்க, டெஸ்மண்ட். கத்துவா."

"நான் கத்த மாட்டேன்" என்றேன்.

அவர் கயிற்றை வெட்டிக் காலணியை இழுத்தார். நான் மண்டபமே அதிரும்படி கத்தினேன்.